தோட்டப்பாளையம் பழைய வீடா, கிறிஸ்டியான்பேட்டை பக்கம் மனையா?

காட்பாடி_வாசி:
கையில் 75 லட்சம் இருக்கு, கடன் வாங்குற எண்ணம் இல்லை. வேலூர் பக்கம் ரெண்டு இடம் பார்வையில் இருக்கு.

தோட்டப்பாளையத்தில் 1,200 சதுர அடியில் மூணு போர்ஷன் பழைய வீடு. 62 லட்சம் சொல்றாங்க. போர்ஷனுக்கு 9,000 வாடகை, மூணுலயும் ஆள் இருக்காங்க. ரிப்பேருக்கு 4 லட்சம்னு மேஸ்திரி கணக்கு. இன்னொன்று கிறிஸ்டியான்பேட்டை பக்கம், சித்தூர் ரோட்டிலிருந்து உள்ளே, டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) அனுமதி வாங்கின மனை 2,400 சதுர அடி. அடி 2,000 வீதம் 48 லட்சம். 5 வருஷத்தில் விக்கணும். எதை வெச்சு ஒப்பிடுறது?

பாலாற்றங்கரை:
சொல்ற விலையை வெச்சு ஒப்பிடாதீங்க சார். மொத்தமா கையைவிட்டுப் போற தொகையை வெச்சுப் பாருங்க. முத்திரைத்தாள், மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்த்து கிரயத்துக்கு 9 சதவீதம்.

வீடு: 62 + 5.58 + ரிப்பேர் 4 = 71.58 லட்சம். வாடகை மாசம் 27,000. காலியா கிடக்கிறது, வராத பாக்கி எல்லாத்துக்கும் சேர்த்து வருஷத்துக்கு 10 மாச வாடகைதான் எழுதுங்க, 2,70,000. சொத்து வரி, குடிநீர், பாதாள சாக்கடைக்கு 15,000, பராமரிப்புக்கு ஒரு மாச வாடகை 27,000 போக மிச்சம் 2,28,000. அதாவது 3.2 சதவீதம்.

மனை: 48 + 4.32 = 52.32 லட்சம். வருமானம் பூஜ்யம்.

பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தாலும் 52.32 லட்சம் 5 வருஷத்தில் 73.4 லட்சம் ஆகியிருக்கும். அதை எட்ட மனை அடி 3,060க்கு விக்கணும், புரோக்கர் கமிஷன் தனி. 2,000லிருந்து 53 சதவீதம் ஏறணும். வீட்டுக்கு வாடகையே 3.2 தருது, மிச்சம் 3.8 சதவீதம் விலையில் ஏறினால் போதும். 5 வருஷத்தில் 86.3 லட்சம். கட்டடம் தேயும், அதனால் அது முழுக்க மண்ணில்தான் வரணும். இப்ப அடி 5,167 விழுது, 7,190 ஆகணும். 39 சதவீதம். ரெண்டுமே லேசுப்பட்டதில்லை, ஆனா வீட்டுக்கு ஏறவேண்டிய மேடு குறைவு. 58 லட்சத்துக்குப் பேசி முடிச்சா இன்னும் குறையும்.

பத்திரத்தில் தொகையைக் குறைச்சு எழுதலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. இன்னைக்கு வாங்கி 2 வருஷம் கழிச்சு விக்கிறதுக்கு லாபத்தில் 12.5 சதவீத வரி, பணவீக்கக் கழிவு கிடையாது. பத்திரத்தில் விட்ட வித்தியாசம் முழுக்க அப்ப உங்க லாபமா நிக்கும்.

கோட்டை_மதில்:
மனையில் இந்த மூணும் சரியில்லைன்னா கணக்கே வேண்டாம்.

அப்ரூவல் நம்பரை வாங்கி, அனுமதிச்ச வரைபடத்தில் உங்க மனை நம்பர் இருக்கான்னு பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேல், இல்லேன்னா 8 மனைக்கு மேல் போட்ட லேஅவுட்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். ரெண்டாவது, ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதியாச்சா. இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. ரோடு ஓனர் பேரிலேயே இருந்தா நாளைக்கு வழியில் கல் நட்டாலும் கேட்க முடியாது. மூணாவது, புலப்படத்தை (சர்வே நம்பருக்கான அளவு வரைபடம்) எடுத்துப் பக்கத்து சர்வே நம்பர்களையும் பாருங்க. ஓடை, ஏரிக் கால்வாய் போற இடத்தை மண் கொட்டி மேடாக்கியிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது. அ பதிவேட்டில் (கிராமத்து நில விவரப் பதிவேடு) புறம்போக்கு, கோயில், வக்ஃபு என்று இருக்கான்னு கண்டிப்பா பாருங்க.

பழைய வீட்டுக்கு வேற சிக்கல். டவுன் சர்வே பதிவேட்டில் யார் பேர் இருக்குன்னு பாருங்க. இ.சி. (வில்லங்கச் சான்று) ஆன்லைனில் 1975லிருந்து எடுக்கலாம், அதுக்கு முன்னாடி கை மனு. தாத்தா காலத்துச் சொத்துன்னா வாரிசுச் சான்றில் இருக்கிற எல்லாரும், பொண்ணுங்களும் சேர்த்து, கையெழுத்துப் போடணும். டேப் வெச்சு நாலு பக்கமும் அளங்க. பொதுச்சுவர் யாருதுன்னு பத்திரத்தில் இல்லேன்னா இடிச்சுக் கட்டும்போது தகராறு.

குடியிருக்கிறவங்க அட்வான்ஸை மறந்துடாதீங்க. அவங்க காலி பண்ணும்போது நீங்கதான் திருப்பித் தரணும். அதைக் கிரயத் தொகையில் கழிச்சுக்கணும், மூணு பேர்கிட்டயும் எவ்வளவுன்னு எழுதி வாங்கணும்.

காட்பாடி_வாசி:
ரொம்ப நன்றி. மாச வாடகைக்குப் பதிலா, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டா?

பாலாற்றங்கரை:
அது லாட்ஜ் தொழில் சார், முதலீடு இல்லை. கரண்ட் வணிக இணைப்பா மாறும், சொத்து வரியும் வணிகக் கட்டடக் கணக்கில் வரும். வெளிநாட்டுக்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள் அவங்க விவரத்தை ஆன்லைனில் அரசுக்குக் கொடுக்கணும். துணி, சுத்தம், சாவி கொடுக்க ஒரு ஆள், எல்லாம் செலவு. வர்ற கூட்டமும் உங்க கையில் இல்லை: 2022ல் சி.எம்.சி.யோட ராணிப்பேட்டை வளாகம் திறந்ததும் சில துறைகள் அங்கே போயிடுச்சு, 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்திலிருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கும் விசாவைக் குறைச்சாங்க. வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண மாச வாடகையை மட்டும் வெச்சுக் கணக்குப் போடுங்க. 60 லட்சத்துக்கு மேல் போகாதீங்க.