பாரதி நகர் 3-வது தெரு குரூப்: பஸ் பாதுகாப்புக்கு 1,800 ரூபாயா?

கீதா (மாடி வீடு): ஸ்கூல்ல இருந்து சர்க்குலர். "போக்குவரத்துப் பாதுகாப்பு மேற்பார்வைக் கட்டணம்" 1,800 ரூபாயாம். பஸ் ஃபீஸ் தனி. வேற யாருக்காவது வந்துச்சா?

ரமேஷ்: வந்துச்சு. போன் பண்ணிக் கேட்டேன். "கேமரா வைக்கணும்னு ரூல் சார், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் வேற"ன்னாங்க.

சண்முகம் மாமா: ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறாங்க. கேமரா, சென்சார் ரூல் 2022-ல வந்தது, வளசரவாக்கத்துல பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி ஒரு பையன் போனதுக்கு அப்புறம். அந்தச் செலவும் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ கொடுக்கிற சான்று) ஃபீஸும் வண்டிக்காரங்களோடது. மே மாசம் ஸ்கூல் வண்டிகளை மைதானத்துல நிறுத்திப் பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் அரசாங்கச் செலவு. அதுக்கு நம்மகிட்ட பில் போட முடியாது.

ரமேஷ்: மாமா ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்தவர், விவரமா சொல்லுங்க 🙏

சண்முகம் மாமா: 2012 ஜூலைல நம்ம சேலையூர் ஸ்கூல் பஸ்ல நடந்தது ஞாபகம் இருக்கா? பஸ் தரையில ஓட்டை. ரெண்டாங் கிளாஸ் குழந்தை அது வழியா விழுந்து இறந்துச்சு. அந்த பஸ்ஸுக்கு எஃப்சி கொடுத்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. ஹைகோர்ட் தானாவே கேஸ் எடுத்துச்சு, அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்குத் தனி விதிகள் வந்துச்சு. அப்புறம்தான் ஆர்டிஓ, ரெவின்யூ, போலீஸ், கல்வித்துறை எல்லாரும் சேர்ந்து வந்து பார்க்கிற வழக்கம்.

பாஸ்கர்: எல்லாரும் வந்து போட்டோ எடுத்துக்கிற வழக்கம்னு சொல்லுங்க.

சண்முகம் மாமா: சிரிங்க. ஒரு இன்ஸ்பெக்டர் ஒரு நாளைக்கு 40 வண்டி பார்க்கிறாருன்னு வெச்சுக்குவோம். ஒரு வண்டிக்கு 12 நிமிஷம். அதுக்குள்ள தரைப் பலகை, எமர்ஜென்சி கதவு, ஸ்பீட் கவர்னர், முதலுதவிப் பெட்டி, படிக்கட்டு உயரம், தீயணைப்பான், கேமரா, டிரைவர் லைசென்ஸ் எல்லாம் பார்க்கணும். குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்க்கிறதைத்தான் முதல்ல விட்டுடுவாங்க. சேலையூர் பஸ்ல பார்க்க வேண்டியிருந்ததும் அடியிலதான்.

பாஸ்கர்: நேரடியாவே கேட்கிறேன். என் வீட்ல ஸ்கூல் போற பசங்க இல்ல. தனியார் ஸ்கூல் லாபம் பார்க்குது, அவங்க பஸ்ஸை என் வரிப்பணத்துல ஏன் சோதிக்கணும்? அவங்களே காசு கட்டட்டும்.

கீதா (மாடி வீடு): அதுவும் நியாயம்தானே?

சண்முகம் மாமா: கட்டலாம். ஆனா கருவூலத்துல கட்டணும், சோதிக்கிற ஆளுக்கு நேரா கொடுக்கக் கூடாது. ஸ்கூல் கட்டடத்துக்கு உறுதிச் சான்று எப்படி வருது? ஸ்கூலே ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு, ஃபீஸ் கொடுத்து வாங்குது. காசு கொடுக்கிறவரைப் பார்த்து "உன் சுவர் விழும்"னு எத்தனை பேர் எழுதுவாங்க?

ரமேஷ்: பாஸ்கர் சார், கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து, 2004. கூரைக் கொட்டகை, குறுகலான படி, 94 குழந்தைங்க. அதுக்கு அப்புறம் விசாரணை கமிஷன், இழப்பீடு, பத்து வருஷம் கழிச்சு 2014-ல தஞ்சாவூர் கோர்ட் தீர்ப்பு. அதெல்லாம் யார் பணம்? முன்னாடி செலவு பண்ணலைன்னா பின்னாடி பண்றோம், அவ்வளவுதான்.

பாஸ்கர்: சரி, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மோகன்: நாளைக்கு 6 மணிக்குத் தண்ணி லாரி. வண்டியை எல்லாம் ஓரமா விடுங்க.

தேவி அக்கா (மளிகை): நான் சொல்லலாமா? எங்க பாப்பா படிக்கிறது அரசுப் பள்ளி. நான் மேலாண்மைக் குழுல இருக்கேன். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பொம்பளைங்க. கூட்டத்துக்குக் கடையை மூடிட்டுப் போறேன், யாரும் காசு தர்றதில்ல. 2021 டிசம்பர்ல திருநெல்வேலில கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பசங்க போனாங்கல்ல, அதுக்கு அப்புறம் எங்க பள்ளிக்கும் ஆள் வந்து பார்த்தாங்க. பழைய கட்டடத்தை இடிச்சாச்சு. புதுசு வர்ற வரைக்கும் வராண்டால கிளாஸ்.

தேவி அக்கா (மளிகை): ஆபத்துன்னு எழுதிட்டுப் போறதுக்கு ஒரு நாள் போதும். கட்டிக் கொடுக்கத்தான் பணம் வேணும். 2024-25-க்கு சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக் கல்வித் திட்டத்துல டெல்லியில இருந்து வர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தினாங்கல்ல, சின்னச் சின்ன ரிப்பேருக்கு வர்ற பள்ளி மானியமும் அந்தத் திட்டத்துல இருந்துதான்.

ரமேஷ்: அக்கா இதைக் கல்விக் கொள்கைச் சண்டையா மாத்திடாதீங்க, குரூப் தாங்காது 😄

தேவி அக்கா (மளிகை): சண்டை போடல தம்பி. வராண்டால மழை அடிக்குதுன்னு சொன்னேன்.

கீதா (மாடி வீடு): இப்ப இந்த 1,800 கட்டணுமா வேண்டாமா?

சண்முகம் மாமா: எழுத்துல கேளும்மா. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2009 சட்டப்படி ஒரு குழு இருக்கு, ஓய்வு பெற்ற ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமையில. "அவங்க ஆணையில இந்தத் தலைப்பு இருக்கா, காப்பி கொடுங்க"ன்னு கேளு. தனியாப் போகாதே, நாலு பேரா போங்க.

பாஸ்கர்: நான் ஒரு ஆர்டிஐ போடுறேன். பத்து ரூபாதானே. போன மே மாசம் நம்ம ஏரியால எத்தனை வண்டி பார்த்தாங்க, எத்தனையைத் திருப்பி அனுப்பினாங்க, அதுல எத்தனை திரும்ப சோதனைக்கு வந்துச்சு. மாமா, வேற என்ன கேட்கலாம்?

சண்முகம் மாமா: எத்தனை இன்ஸ்பெக்டர் பணியிடம், அதுல எத்தனை காலி. அதை முதல் கேள்வியா போடுங்க.

கீதா (மாடி வீடு): சனிக்கிழமை 10 மணிக்கு ஸ்கூலுக்குப் போறோம். வர்றவங்க கை தூக்குங்க.

ரமேஷ்: ✋ சர்க்குலரை ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன்.