தேடல் வேகம்: லிஸ்ட், செட், ஹாஷ்மேப் - உங்கள் அனுபவம் என்ன?

இரவு ஷிப்ட்:
முன்பு வேலை பார்த்த இடத்தில் ராத்திரி ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று. புதிதாக வந்த மொபைல் எண் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்ப்பது, அவ்வளவுதான் வேலை. தொடக்கத்தில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். எண்கள் லட்சங்களைத் தாண்டியதும் விடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பழி டேட்டாபேஸ் மேல் விழுந்தது. கூடுதல் ராம் கேட்டு மெயில்கூடப் போனது. எந்த வரி எவ்வளவு நேரம் தின்கிறது என்று காட்டும் புரொஃபைலரில் பார்த்தால் நேரம் முழுக்க ஒரே வரியில். எண்களை லிஸ்ட்டில் வைத்து 'இன்' போட்டுத் தேடியிருந்தார்கள். லிஸ்ட் என்றால் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் போகும். இல்லாத எண்ணுக்குக் கடைசி வரை போய்த்தான் 'இல்லை' என்று சொல்லும். செட்டாக மாற்றினோம். அது மதிப்பிலிருந்தே ஓர் எண்ணை (ஹாஷ்) கணக்கிட்டு நேராக அந்த இடத்தில் போய்ப் பார்க்கும். பழையபடி டீ நேரத்துக்கு வந்துவிட்டது. இதில் வில்லங்கம், லிஸ்ட்டுக்கும் செட்டுக்கும் அந்த வரி அச்சு அசலாக ஒன்றுதான். கோட் ரிவியூவில் எப்படிக் கண்ணில் படும்?

செமிகோலன்:
ஜிடிஏ ஆன்லைன் வீடியோ கேமுக்கே இந்தக் கதைதான்! லோடாக ஆறு நிமிடம் பிடிக்கிறதே என்று ஒருவர் 2021-இல் பிரித்துப் பார்த்தார். விளையாட்டுக்குள் வாங்கும் பொருள்களின் பட்டியல் 10 எம்பி ஜேசான் (உரை வடிவில் தரவு வைக்கும் முறை) கோப்பாக வருகிறது, சுமார் 63,000 பொருள்கள். ஒவ்வொன்றையும் சேர்க்கும் முன் 'இது ஏற்கெனவே உண்டா' என்று அரே (லிஸ்ட் போன்ற வரிசை) முழுக்கத் தேடியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடு. கூடவே கோப்பைப் படிக்கிற இடத்திலும் ஒரு கோளாறு: ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் மீதி எழுத்துச் சரத்தின் நீளத்தை மறுபடி எண்ணியது. இரண்டையும் சரிசெய்ததும் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு அவருக்கு 10,000 டாலரும் கொடுத்தது.

கேச் லைன்:
சரி, அதற்காக எல்லாவற்றுக்கும் ஹாஷ் என்று கிளம்பிவிட வேண்டாம். நான் சி பிளஸ் பிளஸ் ஆள். பத்துப் பன்னிரண்டு எண்களைத் தேடுவதற்கு ஒருவர் அன்ஆர்டர்ட் மேப் (சி பிளஸ் பிளஸின் ஹாஷ்மேப்) போட்டிருந்தார். அளந்து பார்த்தால் சாதாரண வெக்டரில் (மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் பட்டியல்) வரிசையாகத் தேடுவதே வேகம். பிராசஸர் மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுக்கும் துண்டுதான் கேச் லைன். 64 பைட் கேச் லைனில் 4 பைட் இன்ட் (முழு எண்) பதினாறு அடங்கிவிடும், எல்லாம் ஒரே தடவையில் வந்து சேரும். அந்த மேப்பிலோ ஹாஷ் போட்டு, பக்கெட் (அந்த ஹாஷுக்கான அறை) தேடி, பாயின்ட்டரை (மெமரி முகவரி) துரத்திக்கொண்டு மெமரி முழுக்க அலைய வேண்டும்.

கவுன்ட்டர் பில்:
எங்கள் பில்லிங் மென்பொருளில் பிரச்சினை வேறு. முழுப் பெயர் தெரிந்தால் டிக்ஷனரி (ஹாஷ்மேப்பின் இன்னொரு பெயர்) ஜோர். கடைக்காரர் 'பொன்' என்று அடித்து நிறுத்தினால் என்ன செய்வது? ஹாஷுக்கு 'பொன்னி'யும் 'பொன்னாங்கண்ணி'யும் பக்கத்து வீடு என்று தெரியாது. பெயர்களை வரிசைப்படுத்தி பைனரி சர்ச் (ஒவ்வொரு ஒப்பீட்டிலும் பாதியை ஒதுக்கித் தேடுவது) வைத்தோம். பத்து லட்சம் பெயர் இருந்தாலும் 20 ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும், அங்கிருந்து அடுத்தடுத்து எடுத்தால் போதும். டேட்டாபேஸ்கள் வழக்கமாக இன்டெக்ஸுக்கு பி-ட்ரீ (வரிசை குலையாமல் வைக்கும் மர அமைப்பு) வகையை வைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம்.

பழைய ஜாவா:
வேகத்தை விடுங்கள், போட்ட பொருளே காணாமல் போன கதை என்னுடையது. ஹாஷ்மேப்பைப் பிரின்ட் பண்ணினால் வாடிக்கையாளர் ஆர்டர் இருக்கிறது, 'கெட்' பண்ணினால் 'நல்' (எதுவும் இல்லை) என்று வருகிறது. மண்டை காய்ந்துவிட்டது. கீயாக (எதை வைத்துத் தேடுகிறோமோ அது) வைத்த ஆப்ஜெக்ட்டை மேப்பில் போட்ட பிறகு வேறொரு மெத்தட் அதன் கிளை எண்ணை மாற்றியிருந்தது. ஹாஷ் மாறிவிட்டது, உள்ளே இருப்பது பழைய பக்கெட்டில், தேடுவது புதிய பக்கெட்டில்.

இரவு ஷிப்ட்:
@பழைய ஜாவா: பைத்தானில் லிஸ்ட்டைக் கீயாகப் போட்டால் உடனே எரர் அடித்துவிடும், மாற்ற முடியாத டியூப்பிள்தான் போட வேண்டும். ஜாவாவில் இதற்கு என்ன வழி?

பழைய ஜாவா:
ஆப்ஜெக்ட்டின் ஃபீல்டுகளை ஃபைனல் (பிறகு மாற்ற முடியாதபடி) ஆக்கினோம். இப்போதென்றால் ரெக்கார்ட் (ஃபீல்டுகள் தானாகவே ஃபைனலாக இருக்கும் கிளாஸ்) போட்டிருப்பேன், ஜாவா 16-இலிருந்து இருக்கிறது. சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ், ஹாஷ் கணக்கிடும் ஹாஷ்கோட் இரண்டையும் அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஒரு லிஸ்ட்டை வைத்து அதை மாற்றினால் மறுபடி அதே கூத்துதான்.