டிஸ்டோபியா நாவல்கள்: மாறியது பயமா, கருவியா?

ஏட்டுச்சுவடி:
டிஸ்டோபியா நாவல்களை, அதாவது கொடிய எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் நாவல்களை, ஆண்டுவாரியாக அடுக்கினால், சமூகத்தின் பயம் இடம் மாறிக்கொண்டே வந்தது புரியும். 1949இல் ஆர்வெல்லின் ‘1984’: பயம் அரசின் மீது. 1953இல் பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’: சுவரெல்லாம் தொலைக்காட்சி, காதுக்குள் சிப்பி வடிவக் குட்டி ரேடியோ. 1984இல் கிப்சனின் ‘நியூரோமான்சர்’: பெருங்கம்பெனிகள். 1993இல் ஆக்டேவியா பட்லரின் ‘பேரபிள் ஆஃப் த சோவர்’: வறட்சி, சிதைந்த அரசு. அரசு, திரை, கம்பெனி, பருவநிலை என்று படிப்படியான நகர்வு இது.

மறுபக்கம்:
1949இல் தொடங்கியதால்தான் உங்கள் வரிசை இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. ஃபார்ஸ்டரின் ‘த மெஷின் ஸ்டாப்ஸ்’ வந்தது 1909இல். அதில் கொடுங்கோலன் என்று ஒருவன் கிடையாது. ஆளுக்கொரு நிலத்தடி அறை, முகம் பார்த்துப் பேச ஒளிரும் தட்டு, எல்லாவற்றுக்கும் பொத்தான். பழுதுபார்க்கும் கருவியே பழுதாகிறது, முழு இயந்திரத்தையும் அறிந்தவர் யாரும் மிஞ்சவில்லை. அதனால்தான் அந்த உலகம் அழிகிறது. தொலைக்காட்சி வருமுன்பே திரை மீதான பயம் எழுதப்பட்டுவிட்டது. கம்பெனி ஆட்சியா? ஜாக் லண்டனின் ‘தி அயர்ன் ஹீல்’, 1908. இன்பத்தைக் கொடுத்தே மக்களை அடக்கும் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ 1932இல் வந்தது, ஆர்வெல்லுக்கு 17 ஆண்டு முன்னால். இதில் எது படி?

ஏட்டுச்சுவடி:
ஹக்ஸ்லி எனக்குத்தான் சாட்சி சொல்கிறார், நண்பரே. அவர் கதையில் ஆண்டுக்கணக்கே கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டிலிருந்து தொடங்குகிறது. கருக்கள் புட்டிகளில், தொழிற்சாலையின் நகரும் பட்டையான கன்வேயரில் நகர்ந்தபடி வளர்கின்றன. ஃபோர்டின் தொழிற்சாலை இல்லாமல் அந்த நாவலைக் கற்பனை செய்ய முடியுமா?

வரிக்குவரி:
இருவருமே பயத்தின் பெயரை வைத்து வாதாடுகிறீர்கள். பெயர் திரும்பத் திரும்ப வரும். அடக்கும் வேலையை எந்தக் கருவி செய்கிறது என்று பாருங்கள், கால மாற்றம் அங்கேதான் பிடிபடும்.

ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் ‘நாங்கள்’ (1920–21): எல்லா வீடும் கண்ணாடி. திரைச்சீலையை இறக்க இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். சொந்த நேரம் நாளுக்கு இரண்டே மணி: 16 முதல் 17, 21 முதல் 22. பலர் இதைச் சோவியத் அரசின் சித்திரம் என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸம்யாதின் கப்பல் பொறியாளர். 1916–17இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். கதையின் கால அட்டவணைக்கு மூலம், அமெரிக்கப் பொறியாளர் டெய்லரின், வேலைக்கு நேரம் அளக்கும் தொழிற்சாலை நிர்வாக முறை. நாவலே டெய்லரின் பெயரைச் சொல்லிப் புகழ்கிறது.

‘1984’இல் கண்ணாடிச் சுவரின் வேலையை டெலிஸ்கிரீன், அதாவது பார்ப்பவரையே வேவு பார்க்கும் திரை, செய்கிறது. எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாததால் எப்போதும் பயந்தே நடக்க வேண்டும். ஆனாலும் அதன் பார்வை படாத ஒரு மூலை கதாநாயகன் வின்ஸ்டனின் அறையில் இருக்கிறது. டைரி எழுத முடிவது அதனால்தான்.

அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) எழுதப்படும்போது கண்காணிக்கக் கண்ணே தேவைப்படவில்லை. காசு எல்லாம் கணினிக் கணக்காகிவிட்டது. ‘பெண்’ என்று குறியிட்ட கணக்குகளை ஒரே நாளில் முடக்குகிறார்கள். பணம் கணவனிடமோ நெருங்கிய ஆண் உறவினரிடமோ போகிறது. கதாநாயகிக்கு இது தெரியவருவது சிகரெட் வாங்கப்போன கடையில். பெண் என்பதற்காகவோ மணமானவர் என்பதற்காகவோ கடன் மறுக்கக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் வந்தே அப்போது 11 ஆண்டுதான் ஆகியிருந்தது. 1920இல் இந்தக் காட்சியை யாராலும் எழுதியிருக்க முடியாது.

மறுபக்கம்:
அட்வுட் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். வங்கிக் கணக்கு சரியான ஆதாரம். ஆனால் வாசகரையும் கணக்கில் சேருங்கள். ‘நாங்கள்’ 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. சோவியத் நாட்டில் அச்சேறியது 1988இல். ‘1984’ 2017 ஜனவரியில் அமேசான் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. எழுத்தாளர் மாறாமலே சமூகம் பழைய புத்தகத்தைத் தேடி எடுக்கிறது.

ஏட்டுச்சுவடி:
பழைய புத்தகம் போதுமென்றால் பட்லர் ஏன் எழுத வேண்டும்?

வரிக்குவரி:
ஜாக் லண்டனையும் பட்லரையும் சேர்த்துப் படித்தால் பதில் கிடைக்கும். இரண்டிலும் கம்பெனிகள்தான். லண்டனின் முதலாளிகள் சிக்காகோ எழுச்சியைக் கூலிப்படை வைத்து நசுக்குகிறார்கள். பட்லரின் கலிஃபோர்னியாவில் போலீஸ் உதவிக்கே கட்டணம். ஒலிவார் என்ற கடலோர ஊர், பாதுகாப்புக்காகத் தன்னையே ஒரு கம்பெனிக்கு விற்கிறது. சம்பளம் செலவுக்குப் போதாது, கடன் ஏறும், கடன் தீராமல் வெளியேற முடியாது. நம் ஊரில் இதைக் கொத்தடிமை என்போம். அதற்கு நேர்காணல் நடத்தித்தான் ஆள் எடுக்கிறார்கள். கதாநாயகியின் தெருவிலிருந்தே ஒரு குடும்பம் விண்ணப்பித்துப் போகிறது. 1908இன் நாவலில் இப்படி ஒரு குடும்பத்துக்கு இடமில்லை.