‘சிக்னல்’ பார்த்த நாட்களில் நீங்கள் யார் மேல் சந்தேகப்பட்டீர்கள்?

மாடிவீட்டுக்காரி, கோவை

கொரியத் தொடர் ‘சிக்னல்’ பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நடிப்பு, திருப்பம், முடிவு எல்லாவற்றையும் பேசித் தீர்த்தாயிற்று. நான் கேட்பது வேறு. அதைப் பார்த்த நாட்களில் நிஜ ஆள் யார் மேலாவது சந்தேகப்பட்டீர்களா? நான் பட்டேன். அதைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுதான் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: 2016இல் வந்தது, 16 பகுதிகள். இரவு 11.23 ஆனால் ஒரு பழைய வாக்கிடாக்கி உயிர்பெறும். இந்தப் பக்கம் 2015இல் ஒரு இளம் போலீஸ்காரர். அந்தப் பக்கம் பல வருடங்களுக்கு முன்னால் இருக்கும் லீ ஜே-ஹான். இருவரும் பேசிப் பேசியே துப்புக் கிடைக்காத வழக்குகளைத் தோண்டுவார்கள். அதில் இரண்டாவதாக வரும் தொடர்கொலை வழக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜே-ஹான் தியேட்டரில் உட்கார்ந்திருப்பார், சுற்றி எல்லாரும் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவர் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுவார். அந்தக் காட்சிக்குப் பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரருக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். மகனைத் தூங்க வைத்துவிட்டுத் தனியாகத்தான் பார்ப்பேன். எங்கள் அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு பையன் வாடகைக்கு வந்திருந்தான். பதினொன்றேகால் வாக்கில் பைக் சத்தம் கேட்கும். உடனே மேலே போக மாட்டான். செடிக்குத் தண்ணீர் விடும் குழாயடியில் ஐந்து நிமிடம் எதையோ அலசுவான். ஒருநாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். லைட் வெளிச்சத்தில் ஓடிய தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. கையில் கருப்பு பாலிதீன் கவர் வேறு.

மறுநாள் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் “சும்மா ஒரு வார்த்தை” சொல்லி வைத்தேன். மதியத்துக்குள் அது வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. சாயங்காலம் நாலு ஆம்பளைகள் அவன் வீட்டுக் கதவைத் தட்டி ஆதார் கேட்டார்கள், சொந்த ஊர் கேட்டார்கள், கவரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே இருந்தது ஒரு ரப்பர் ஏப்ரன். பிராய்லர் கடையில் கோழி வெட்டுகிற வேலையாம். “வீட்டுக்குள்ள கழுவினா நாறும்னு இங்க கழுவறேன் சார்” என்றானாம்.

அடுத்த ராத்திரியிலிருந்து அவன் குழாயடிக்கு வரவே இல்லை. பைக்கைக்கூடக் கேட்டுக்கு வெளியிலேயே ஆஃப் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு வருவான். மறுமாதம் காலி செய்துவிட்டான். அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை நான். சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

நைட் டியூட்டி, திருச்சி

அக்கா, எனக்கு நடந்ததையும் சொல்கிறேன், ஆனால் நான் வெட்கப்பட மாட்டேன். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து ஆட்டோவில் வருகிறேன். ஆட்டோக்காரர் வழக்கமான பாதையை விட்டுத் திருப்பிவிட்டார். முந்தின நாள்தான் தொடரில் அந்தக் கொலை வழக்கில் பஸ் வரும் எபிசோடு பார்த்திருந்தேன். கை வேர்த்துவிட்டது. “எங்க போறீங்க?” என்று கத்தியே விட்டேன். பாலத்தில் வேலை நடக்கிறது, அதனால் இந்தப் பக்கம் என்றார். அப்புறம் அவரே, “யாருக்காச்சும் போன் போட்டுப் பேசிக்கிட்டே வாம்மா, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது” என்றார். பேசிக்கொண்டே வந்தேன். ராத்திரி ரோட்டில் போகிற பொம்பளைக்குச் சந்தேகம் கூடாது என்றால் எப்படி? ஆனால் என் சந்தேகம் என்னோடு முடிந்தது. நான் குரூப்பில் போடவில்லை.

கல்லடிப் பாலம்

நான் மட்டக்களப்பு. இப்போது இருப்பது கொரியாவில், அதுவும் ஹ்வாசொங்கில். நீங்கள் எல்லாரும் ரிவியில் பார்த்த அந்தத் தொடர்கொலை வயல்வெளியின் நிஜ இடம் இதுதான். தொடரில் கியொங்கி தெற்கு என்று பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். 1986 செப்டெம்பரிலிருந்து 1991 ஏப்ரல் வரை இங்கே பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். சிறுமியிலிருந்து எழுபது தாண்டிய அம்மா வரைக்கும்.

இப்போது வந்து பார்த்தால் நம்ப மாட்டீர்கள். வயல் இருந்த பக்கமெல்லாம் அடுக்குமாடி. தொங்தான் என்று ஒரு புது நகரமே எழும்பியிருக்கிறது, சாம்சங்கின் சிப் தொழிற்சாலை இருக்கிறது. என்னுடையது சின்னப் பட்டறை, பிளாஸ்டிக் வார்க்கிற வேலை. 2016இல் வந்தேன்.

எங்களுக்கு ஒரு பன்ஜாங் இருந்தார், லைன் பொறுப்பாளர். இதே ஊர் ஆள். அதிகம் கதைக்க மாட்டார். அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம். வேலை முடிந்து இருட்டில் பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது முன்னால் ஒரு பெண் தனியாகப் போனால் நின்றுவிடுவார். சிகரெட் ஒன்றை எடுத்துப் பற்ற வைப்பார். அந்தப் பிள்ளை வளைவு தாண்டி மறையும் வரை அசைய மாட்டார். பஸ் தவறினாலும் சரி. ஏதோ இவர்களுடைய மரியாதை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. கொரியர்கள் அறிமுகமானவுடன் வயதைக் கேட்பார்கள், கொஞ்சம் பழகினால் இரத்த வகையைக் கேட்பார்கள். நாங்கள் ராசி, நட்சத்திரம் கேட்பது மாதிரி, குணம் சொல்வதற்கு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யாரோ அவரிடம் அதைக் கேட்க, எழும்பிப் போய்விட்டார்.

2019 செப்டெம்பரில் ஒரு மதியம், சாப்பாட்டு அறை ரிவியில் அந்தச் செய்தி வந்தது. பாதுகாத்து வைத்திருந்த தடயங்களில் டிஎன்ஏ பொருந்திவிட்டது. ஆள் வெளியில்கூட இல்லை. மனைவியின் தங்கையை 1994இல் கொன்றதற்காக பூசான் சிறையில் ஆயுள் கைதியாக இருந்திருக்கிறான். லீ சுன்-ஜே. இதே ஊரில் வளர்ந்தவன். அந்தக் காலத்திலேயே போலிஸ் அவனை விசாரித்து விட்டுவிட்டதாம். கொலைகாரனின் இரத்தம் பி வகை என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். இவன் ஓ வகை.

பன்ஜாங் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஓவா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பவும் “ஓவா?” என்றார்.

அன்று பின்னேரம் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில்தான் கதைத்தார். அவர் பி. எண்பத்தெட்டில் இருபதுகளில் இருந்த பையன், தனியாக வாழ்ந்தவன், இரவு வேலை. மூன்று தடவை கொண்டு போயிருக்கிறார்கள். கைரேகை, தலைமுடி, நித்திரை இல்லாத இரவுகள். இவர் ஒருவர் மட்டுமில்லை, அந்த வழக்கில் விசாரிக்கப்பட்டவர்கள் 21 ஆயிரம் பேருக்கு மேல், ரேகை ஒப்பிட்டது 40 ஆயிரம் பேருக்கு. பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் விலகிக்கொண்டார்கள். “மூன்றாம் முறை போனபோது, நான்தான் செய்தேனோ என்று எனக்கே ஒரு யோசனை வந்தது” என்றார். கடதாசிக் கோப்பையைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டுவிட்டு மெஷினைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அதைப்பற்றி அவர் கதைக்கவே இல்லை.

தொடரை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன், விடுதியில், போனில். பஸ் வரும் இடமெல்லாம் முழுக்கக் கற்பனை இல்லை. ஏழாவது கொலை நடந்த இரவில் பஸ்ஸில் ஏறிய ஒருவனைச் சாரதியும் நடத்துனர் பெண்ணும் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து முகம் வரைந்து ஒட்டினார்கள். வயல் நடுவில் வெருளி ஒன்றை நட்டு, சரணடையாவிட்டால் கை கால் அழுகிச் சாவாய் என்று எழுதி வைத்ததும் உண்மை. அறிவியலும் சாபமும் பக்கத்தில் பக்கத்தில். தொடரில் இதெல்லாம் வருகிறதோ இல்லையோ, பன்ஜாங் மாதிரி ஒரு ஆள் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விசாரணை மேசையில் ஒரு நிமிடம் வந்து போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பிறகு எங்கே போனார்கள்?

ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. வழக்குக்கு ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்களே என்று. 2019 டிசெம்பரில் பொலிஸ் அதை மாற்றி, கொலைகாரன் பெயரிலேயே ‘லீ சுன்-ஜே தொடர்கொலை வழக்கு’ என்று அறிவித்தது. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி இன்னும் அதுதான்.

போன மழைக்காலத்தில் பியொங்ஜொம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிறேன். முன்னால் குடையோடு ஒரு பெண். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கறுப்பு ரெயின்கோட், வெளிநாட்டு முகம். திருச்சித் தங்கச்சி சொன்னது சரி, பயப்படத்தான் செய்வாள். எனக்கு சிகரெட் பழக்கம் இல்லை. குனிந்து சப்பாத்து நூலை அவிழ்த்து, திரும்பக் கட்டினேன். அவள் மறையும் வரை கட்டிக்கொண்டே இருந்தேன்.

கருப்புக்கோட்டு, மதுரை

கல்லடிப் பாலம் அண்ணன் சொன்ன பத்தில் எட்டாவது வழக்கை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறேன். தொழில் புத்தி, மன்னிக்கவும்.

1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி தன் அறையிலேயே கொல்லப்பட்டாள். அடுத்த வருடம் யூன் சொங்-யோ என்கிற 22 வயது இளைஞரைப் பிடித்தார்கள். விவசாயக் கருவிகள் பழுதுபார்க்கிறவர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் விளங்காதவர். அறையில் கிடைத்த முடியில் இருந்த உலோக அளவு இவர் முடியோடு பொருந்துகிறது என்றது ஆய்வறிக்கை. தூங்க விடாமல் உட்காரவைத்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். கொலைகாரன் சுவரேறிக் குதித்து வந்தான் என்பது கதை. அந்தக் காலோடு இவர் எந்தச் சுவரை ஏறியிருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருபது வருடம் உள்ளே இருந்துவிட்டு 2009இல் பரோலில் வந்தார். பிறகு மறுவிசாரணை. 2020 நவம்பரில் சுவொன் நீதிமன்றத்தில் லீ சுன்-ஜே சாட்சிக் கூண்டில் ஏறி, அதையும் நான்தான் செய்தேன், இத்தனை வருடம் என்னை ஏன் பிடிக்கவில்லை என்பதே எனக்கு ஆச்சரியம் என்கிற மாதிரி சொன்னான். டிசம்பரில் யூன் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்று நம் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு இருந்தது. இப்போது புதுச் சட்டத்தில் 23. அதனால் இங்கே இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். கழிவறையில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு வருகிற ஆட்களை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள்.

தொடரில் பலருக்குப் புரியாத ஒன்று, வழக்குப் போட அங்கே இருந்த அந்தக் காலக்கெடு. ராத்திரி பன்னிரண்டு அடித்தால் குற்றவாளி தப்பித்துவிடுவான் என்று முதல் வழக்கில் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள்? இங்கே கொலைக்குக் காலக்கெடு கிடையாது, அதனால் நமக்கு அது உறைக்காது. அங்கே அப்போது 15 வருடம். 2015இல்தான் கொலைக்குக் காலக்கெடுவே வேண்டாம் என்று எடுத்தார்கள். ஹ்வாசொங் வழக்குகளுக்கு அது உதவவில்லை, கடைசிக் கொலையின் கெடு 2006லேயே முடிந்துபோனது. பத்துக் கொலைக்கும் அவனுக்குத் தனியாக ஒரு நாள் தண்டனைகூடக் கிடையாது. உள்ளே இருப்பது 1994 வழக்குக்காக மட்டும்.

அக்கா, உங்கள் கோழிக்கடைப் பையனுக்கு வருகிறேன். குழாயடியில் சிவந்த தண்ணீர், கருப்புக் கவர், அகால நேரம். சந்தர்ப்ப சாட்சியம் என்று பார்த்தால் கச்சிதம். எதிர்த் தரப்பில் நான் நின்றிருந்தால் திணறியிருப்பேன்.

மாடிவீட்டுக்காரி, கோவை

வக்கீல் தம்பி, சிரிக்க வைக்கிறீர்களா குத்துகிறீர்களா என்றே தெரியவில்லை. இரண்டும்தான் போல.

கல்லடிப் பாலம் அண்ணா, உங்கள் பன்ஜாங் கதையை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அந்தப் பையன் பைக்கைத் தள்ளிக்கிட்டு வருவானே” என்று மட்டும் சொன்னார். அவரும் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நேற்று குரூப்பில் செக்ரட்டரி புது விதி போட்டார். இனி தனியாள்களுக்கு வாடகைக்கு விடக் கூடாதாம், “முன்பு நடந்த சம்பவத்தைக் கருத்தில் கொண்டு”. என்ன சம்பவம்? ஒன்றுமே நடக்கவில்லையே. எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போட்டுவிட்டேன்: அந்தப் பையனைப் பற்றிச் சொன்னது நான்தான், நான் சொன்னது தப்பு, அதை வைத்து இந்த விதி வேண்டாம்.

முப்பத்தேழு பேர் பார்த்துவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அரை மணி நேரம் கழித்து முதல் மாடி மாமா, மேல் டேங்கில் தண்ணீர் வழிகிறது, யாராவது மோட்டாரை ஆஃப் செய்யவும் என்று போட்டார். நான்தான் இறங்கிப் போய் ஆஃப் செய்தேன். சுவிட்ச் அந்தக் குழாயடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.