பால்ரூம் போட்டியில் நேரில் கண்டது: உங்களை இன்னும் உறுத்துவது எது?

ஈரச்சிறகு:
நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பழைய கிடங்கு. அங்கே பால்ரூம்: கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பினரும் திருநர்களும் ‘ஹவுஸ்’ என்ற குடும்பம் போன்ற குழுக்களாக நடனத்திலும் அலங்காரத்திலும் போட்டியிடும் இரவு. இந்த உலகத்தைக் காட்டிய ‘போஸ்’ தொலைக்காட்சித் தொடர் வந்தபின் வேடிக்கை பார்க்க வரும் வெளியாட்கள் எப்படிப் பெருகினார்கள் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை, வோக் ஃபெம் சுற்று, அதாவது ஃபேஷன் மாடல்களின் நிலைகளிலிருந்து பிறந்த வோக் நடனத்தின் பெண்மை மிகுந்த வகை. ‘ஹா’ என்று தாளம் வெடிக்கும் இடத்தில் ஒரு பையன் டிப் அடித்தான்: ஒரு கால் மடங்க, மறுகால் மேலே நிற்க, முதுகு தரையில். அரை நொடி தாமதம். நடுவர் ஒருவரின் கை குறுக்கே வெட்டியது, அவ்வளவுதான், வெளியே. என்னைச் சுற்றி நின்றவர்களோ கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்தார்கள். தாளம் தப்பியதே அவர்களுக்குத் தெரியவில்லை. எழுந்தவன் நடுவர்களை விட்டுவிட்டு எங்களை முறைத்தான். 1990இல் ‘வோக்’ பாட்டால் பாடகி மடோனா வெளியாட்களுக்குத் திறந்துவிட்ட கதவு இது.

கணக்குப்பிள்ளை:
மடோனாவா திறந்தார்? அவருக்கு அந்தப் பாட்டின் அசைவுகளை அமைத்துக் கொடுத்ததே எக்ஸ்ட்ராவகான்சா ஹவுஸின் நடனக்காரர்கள் ஹோசேயும் லூயிஸும்தான். அதற்கு முந்தைய ஆண்டே எய்ட்ஸ் நிதிக்காக நடந்த ‘லவ் பால்’ நிகழ்ச்சியில் ஃபேஷன் உலகம் வோக்கைக் கண்டுவிட்டது. 1967இல் பெண்வேடக் கலைஞர்களின் அழகிப் போட்டியில் வெள்ளையருக்கே கிரீடம் போகிறது என்று கறுப்பினப் போட்டியாளர் கிரிஸ்டல் லபெய்ஜா வாங்கு வாங்கென்று வாங்கினாரே, அதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அந்தக் கோபத்தில்தான் 70களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லமில் முதல் ஹவுஸ் பிறந்தது. வேடிக்கை பார்க்கும் கூட்டமும் புதிதல்ல. 1920களிலேயே ஹாமில்டன் லாட்ஜின் பெண்வேட நடன விழாக்களைப் பார்க்க வெள்ளைக்காரப் பணக்காரர்கள் ஹார்லமுக்கு வந்தார்கள். என் அனுபவமா? ஒருமுறை போனேன். பசி தாங்காமல் பாதியில் வந்துவிட்டேன்.

லாஷப்பல்காரி:
பாரிஸில் ஒரு நடனப் பள்ளி, பெயர் வேண்டாம். வோக் வகுப்பு என்று காசு கட்டிச் சேர்ந்தேன். முன்வரிசையில் ஒரு கறுப்பினத் திருநங்கை. அவருடைய விரல்கள் முகத்தருகே திறந்து மூடிய வேகத்தில் ஆசிரியை சொல்லிக்கொடுத்தது எதுவும் என் கண்ணில் படவில்லை. “வரிசை கலைகிறது” என்று ஆசிரியை அவரைப் பின்னால் போகச் சொன்னார். அவர் மறுபேச்சில்லாமல் போனார். நானும் வாய் திறக்கவில்லை, மற்ற யாரும் திறக்கவில்லை.

பெட்ரோல்பங்க் பரமன்:
2023 ஜூலையில் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளரான நடனக் கலைஞர் ஓஷே சிப்லி கொல்லப்பட்ட புரூக்ளின் பெட்ரோல் பங்கில்தான் நான் வழக்கமாக வண்டிக்கு நிரப்புவேன். பாடகி பியான்சேயின் பாட்டுக்கு நண்பர்களோடு ஆடினார், குத்திவிட்டார்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடி வோக் ஆடினார்கள். எண்ணெய்க்கறை படிந்த சிமெண்டுத் தரையில், வெள்ளைச் சட்டையோடு ஒருவர் டிப் அடித்தார். பியான்சே ஆல்பம் போட்டால் உலகமே ஆடுகிறது. அதே பாட்டுக்கு இவர்கள் ஆடினால் உயிர் போகிறது. வோக் வெகுஜன வரவேற்பு பெற்றுவிட்டது என்கிறார்கள். இதில் எங்கே வெகுஜனம், எங்கே வரவேற்பு?

அண்ணாச்சி:
ஈரச்சிறகு தம்பி, ‘எங்களை முறைத்தான்’ என்றால் முன்வரிசையில் நின்றிருக்கிறீர்கள், அது முதல் தவறு. போட்டியாளர்கள் நடந்தும் ஆடியும் வரும் ஓடுபாதை ஓரம் ஹவுஸ் பிள்ளைகளுக்கு உரியது. நாம் சுவரோரம் நிற்க வேண்டும். ஓடுபாதையைக் குறுக்கே கடக்காதீர்கள். படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள், முகம் தெரிவதை விரும்பாதவர்கள் உண்டு. வர்ணனையாளர் சொன்னாலொழிய யாரையும் அவன் என்றோ அவள் என்றோ நீங்களாக முடிவு செய்யாதீர்கள். டிக்கெட் காசைத் தவிரச் சில்லறையும் வைத்திருங்கள், நன்றாக ஆடியவர்களுக்குக் கொடுக்கலாம். நான் போனபோது என் மேல் ஒருவர் விசிறி எறிந்தார், ஏனென்று கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை, பத்து மணி என்று போட்டிருந்தால் நள்ளிரவுக்கு முன் எதுவும் தொடங்காது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.