புதுப்பிப்பு: கீமோ குமட்டலுக்கு டெக்சாமெத்தசோன் – தூக்கமின்மை, சர்க்கரை

மார்பகப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கும் அம்மாவுக்கு, குமட்டலுக்கான டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் தூக்கம் வருவதில்லை, முகம் சிவக்கிறது, சர்க்கரை எகிறுகிறது, நிறுத்தியதும் துவண்டுவிடுகிறார், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கைகொடுத்தது, இரண்டாவது வேளை மாத்திரையை இரவில் தராமல் மதியத்தோடு முடிக்கும் யோசனை. டாக்டரும் சம்மதித்தார். அன்றிரவே ஓரளவு தூங்கினார்.

சர்க்கரை விஷயத்தில், வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் போதாது என்று ஒருவர் எழுதியது மிகச் சரி. இந்த ஸ்டீராய்டு சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவைத்தான் அதிகம் ஏற்றும். காலையில் ஏறக்குறைய சரியாக இருந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 280ஐத் தாண்டியது. அந்தக் குறிப்பேட்டைக் காட்டியதும் டாக்டர் அந்த நாட்களுக்கு மட்டும் சர்க்கரை மாத்திரையை மாற்றினார். அடுத்த சுற்றிலிருந்து டெக்சாமெத்தசோன் கீமோ அன்று மட்டும். பின்வரும் இரவுகளில் குமட்டலுக்கு ஒலான்சபின் என்ற வேறொரு மாத்திரை. குமட்டல் கட்டுக்குள்தான் இருக்கிறது. பகலில் கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எதிர்பாராதது: விடாத விக்கலும் நின்றுவிட்டது! அந்த விக்கலும் ஸ்டீராய்டால் வந்ததுதானாம்.

நிறுத்தியபின் வரும் சோர்வுக்கு, உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் தற்காலிகமாகக் குறைவதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

ஒன்று, டோசிடாக்செல், பாக்லிடாக்செல் ஆகிய கீமோ மருந்துகளை எடுப்பவர்கள் டெக்சாமெத்தசோனை நீங்களாகக் குறைக்காதீர்கள். அங்கே இதே மருந்து ஒவ்வாமையைத் தடுக்கவும் தரப்படுகிறது.