கிரீ மக்களின் புனித நெருப்பு: அதன் அருகே எப்படி நடந்துகொள்வது?

கேள்வி – கோப்பாய் வாசகி

என்னுடைய மகள் கனடாவில் சஸ்கற்றூன் நகர வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறாள். அவளோடு வேலை செய்யும், கனடாவின் பழங்குடிகளுள் ஒன்றான கிரீ இனப் பெண் ஒருவரின் தகப்பனார் காலமாகிவிட்டார். இறந்தவருக்காகத் தங்கள் ஊரில் நெருப்பு மூட்டி நான்கு நாட்கள் காக்கிறோம், விரும்பினால் வந்து அதனருகே இருக்கலாம் என்று அந்தக் குடும்பம் அழைத்திருக்கிறது. எங்கள் வழக்கப்படி கற்பூரம் கொண்டுபோய் அதில் இடலாமா என்று பிள்ளை கேட்கிறாள். துக்க வீட்டில் அறியாமல் ஏதும் பிழை நடந்துவிடக்கூடாது என்பதே என் கவலை. அந்த நெருப்பு அவர்களுக்கு எத்தகையது, அதன் முன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

மறுமொழி – எட்மன்ரன் வாசி, சொந்த ஊர் சாவகச்சேரி

அக்கா, கற்பூரம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நெருப்பில் இடுவது புகையோடு முன்னோரிடமும் படைத்தவரிடமும் போய்ச் சேருகிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆகவே அதற்குள் எது போகலாம் என்பதை அந்தக் குடும்பமும் நெருப்பைக் காப்பவருமே தீர்மானிப்பார்கள். புகையிலை, இனிப்புப் புல் என்ற நறுமணப் புல், சேஜ் என்ற வாசனைச் செடி, சீடர் மரத்தின் இலை ஆகிய நான்கும் அவர்களுக்குப் புனிதமானவை. அவற்றுள் புகையிலையைத்தான் பெரும்பாலும் வேண்டுதலோடு நெருப்பில் இடுவார்கள். எங்கள் ஊரில் அது தோட்டப் பயிர், சுருட்டுக்குப் போவது; அங்கே ஒரு பெரியவரிடம் அறிவுரை கேட்பதானாலும் முதலில் புகையிலையைக் கையில் கொடுத்துவிட்டே கேட்பார்கள். மகள் ஒரு சிட்டிகை எடுத்து, மனதுக்குள் வேண்டிக்கொண்டு இட்டால் போதும். இதயத்துக்கு அண்மையானது என்று பல இடங்களில் இடக்கையாலேயே இடுகிறார்கள். இடக்கையால் எதையும் கொடுக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் அதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

நெருப்பை உயிருள்ள மூத்த உறவாகக் கொள்வதிலிருந்துதான் மற்றக் கட்டுப்பாடுகளும் பிறக்கின்றன. கடதாசிக் கோப்பை, சிகரெட் துண்டு என்று எதையும் அதற்குள் எறியக்கூடாது, துப்பக்கூடாது, மதுவோ போதைப்பொருளோ உட்கொண்டு கிட்டப் போகக்கூடாது, அனுமதி கேளாமல் படம் எடுக்கக்கூடாது. தடியால் விறகைக் கிளறுவதும் எங்கள் வேலை அல்ல, அது காப்பவரின் பொறுப்பு. இறந்தவரின் ஆவி தன் பயணத்தை முடிக்கும் அந்த நான்கு நாட்களும், மழையோ பனியோ, அவர் இரவு பகலாக அதன் அருகே இருந்து அணையவிடாமல் பார்த்துக்கொள்வார், களைத்தால் இன்னொருவர் பொறுப்பேற்பார். இறந்தவருக்கென்று ஒரு தட்டில் உணவு எடுத்து நெருப்பில் படைப்பதும் உண்டு. நெருப்பைச் சுற்றுவதானால், கோயிலில் நாங்கள் வலம்வருவது போல, சூரியன் செல்லும் திசையிலேயே சுற்ற வேண்டும்.

மறுமொழி – நல்லூர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

மேலே சொன்னவற்றோடு இதையும் பிள்ளை அறிந்துகொண்டு போவது நல்லது. கனடா அரசு 1895இல், பழங்குடிகளை ‘இந்தியர்’ என்று அழைத்து அவர்களுக்கென இயற்றிய இந்தியச் சட்டத்தைத் திருத்தி, பொருட்களை வாரி வழங்குவதும் உடலை வருத்துவதும் இடம்பெறும் சடங்குகளைக் குற்றமாக்கியது. உண்ணாமலும் நீர் அருந்தாமலும் ஆடும் கிரீ மக்களின் தாக நடனச் சடங்கும் அதனால் ஒடுக்கப்பட்டது. 1951இல்தான் அந்தத் தடை நீங்கியது. வட அல்பேர்ட்டாவின் கிரீ மக்கள் இளவேனில் தொடக்கத்தில், காட்டுக்குள் பனி உருகாமல் கிடக்கும்போதே காய்ந்த புல்வெளிகளுக்குத் தீ வைத்து வந்தார்கள். தீ பனியின் விளிம்பில் தானாகவே நின்றுவிடும். பிறகு தளிர்க்கும் புல்லுக்கு விலங்குகள் வரும். அந்த அறிவையும் காட்டுத்தீத் தடுப்பு என்ற பெயரில் அரசு முடக்கியது. இத்தனைக்கும் பிறகு ஒரு குடும்பம் வெளியார் ஒருவரைத் தன் நெருப்பண்டைக்கு அழைக்கிறது என்றால், அது பெரிய நம்பிக்கை.

பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளின் கொடுமைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2010இல் வின்னிப்பெக்கில் நடத்திய முதலாவது தேசிய நிகழ்விலும் புனித நெருப்பு மூட்டப்பட்டது. அதன் சாம்பல் அடுத்தடுத்த நிகழ்வுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 2015இல் ஒட்டாவாவில் நடந்த நிறைவு நிகழ்வு வரை சென்றது. சாட்சியம் சொன்னவர்களும் கேட்டவர்களும் கண்ணீர் துடைத்த மெல்லிய கடதாசிகளைக் கூடைகளில் சேர்த்து அந்த நெருப்புக்கே கொடுத்தார்கள். குப்பையாக எறிந்திருக்கக்கூடிய ஒன்று அங்கே காணிக்கையானது.

கோப்பாய் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: அவளுக்கு மாதவிலக்கு நாளாக இருந்தால் போகலாமா?

மறுமொழி – எட்மன்ரன் வாசி

பல சமூகங்களில் அந்த நாட்களில் பெண்கள் புனித நெருப்பின் அருகே வருவதில்லை. எங்கள் துடக்கைப் போல அதை எண்ணிவிட வேண்டாம். அந்த நேரத்தில் பெண்ணிடம் உள்ள ஆற்றல் மிகப் பெரியது, சடங்கின் ஆற்றலோடு அது மோதக்கூடாது என்பதே அவர்கள் சொல்லும் காரணம். எல்லா ஊர்களிலும் இது ஒன்றுபோல் இல்லை. ஆகவே அழைத்த தோழியிடமே நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள், கேட்பதை அவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். நெருப்பருகே போக முடியாவிட்டாலும் சமையலில் உதவலாம், குடும்பத்தோடு இருந்து ஆறுதல் சொல்லலாம். சடங்குகளுக்குப் பெண்கள் நீண்ட பாவாடை அணிவது பரவலான வழக்கம் என்பதால் ஜீன்ஸ் வேண்டாம். புகையிலை வாங்கும்போது சிகரெட்டைத் தவிர்த்து, பையில் விற்கும் உதிரிப் புகையிலையாகவே வாங்கட்டும்.